டேக்வாண்டோ கராத்தேயிலிருந்து வந்ததா?

உங்கள் மகள் இரண்டு ஆண்டுகளாக டேக்வாண்டோ பயில்கிறாள் என்றும், இது 2000 ஆண்டுப் பழமையான கொரியக் கலை என்று அவளுடைய மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றும், கராத்தேயில் கறுப்புப் பட்டை வாங்கிய உங்கள் மைத்துனரோ “அது கராத்தேதான், கொரியாக்காரர்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்” என்று சிரிக்கிறார் என்றும் எழுதி, இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. டேக்வாண்டோ எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. இன்று அது கராத்தேயிலிருந்து வேறான கலையா என்பது மற்றொன்று. மாஸ்டர் முதல் கேள்விக்குத் தவறான விடை சொல்கிறார். மைத்துனர் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் நீட்டிவிடுகிறார்.

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆண்டுகள் ஷோட்டோகான் என்ற வகைக் கராத்தே பயின்றுவிட்டு, அதன்பிறகு டேக்வாண்டோவின் இரண்டு பெரிய பிரிவுகளில் ஒன்றான ஐ.டி.எஃப். வகையில் வெள்ளைப் பட்டையிலிருந்து மறுபடியும் தொடங்கியவன் நான். கொரிய எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரியுமே தவிர, அம்மொழி ஆவணங்களை மூலத்தில் படித்து ஆராயும் புலமை எனக்கில்லை. ஆகவே வரலாற்றைப் பொறுத்தவரை பிறர் ஆராய்ந்து நிறுவியதைச் சொல்கிறேன். உடல் அசைவுகளைப் பொறுத்தவரை என் சொந்தக் கால்கள் கற்றதைச் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. மேற்படிப்புக்காக ஜப்பான் சென்ற கொரிய மாணவர்கள் அங்கே பல்கலைக்கழகங்களில் அப்போது பரவிக்கொண்டிருந்த கராத்தேயைக் கற்றார்கள். கராத்தே டோக்கியோவுக்கே புதிது; ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாத் தீவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஃபுனாகோஷி கிச்சின் 1922இல்தான் அதை அங்கே அரங்கேற்றிக் காட்டினார். ஷோட்டோகான் வகையின் மூலவரான அவரிடம் பயின்ற கொரியர்களில் லீ வொன் குக் 1944இல் சியோலில் சொங் தோ க்வான் என்ற பள்ளியைத் தொடங்கினார். அவருடைய சக மாணவரான ரோ பியோங் ஜிக் அதே ஆண்டு, இன்று வட கொரியாவுக்குள் இருக்கும் கேசொங் நகரில் சோங் மூ க்வானைத் தொடங்கினார். விடுதலைக்குப் பின் 1946இல் ஜொன் சாங் சொப், யூன் பியோங் இன் என்ற இருவர் சியோலில் தனித்தனியே பயிற்சிக்கூடங்களை நிறுவினார்கள். இருவருமே ஜப்பானில் கராத்தே கற்றவர்கள், பின்னவர் மட்டும் அதற்கு முன்பே மஞ்சூரியாவில் சீனக் கைமுட்டிச் சண்டைக் கலையையும் கற்றிருந்தார். ஐந்தாமவர் 1945இல் மூ தொக் க்வானை நிறுவிய ஹ்வாங் கீ. அவர் டோக்கியோவுக்குப் போகவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தபோது அலுவலக நூலகத்தில் கிடைத்த ஒகினாவா கராத்தே நூல்களைப் படித்துத் தம் பாடத்திட்டத்தின் பெரும்பகுதியை அமைத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். இன்றைய டேக்வாண்டோ உலகம் முழுவதும் இந்த ஐந்து பள்ளிகளிலிருந்தும் அவற்றின் கிளைகளிலிருந்தும் வந்ததே.

அந்தப் பள்ளிகள் தாங்கள் கற்பித்ததற்கு என்ன பெயர் வைத்தன என்று பாருங்கள். கராத்தே என்ற சொல் முதலில் “தாங் கை”, அதாவது சீனாவின் தாங் வம்சத்தைக் குறிக்கும் எழுத்தும் கையைக் குறிக்கும் எழுத்தும் சேர்த்து எழுதப்பட்டது. 5 என்ற குறியை நாம் ஐந்து என்றும் இந்திக்காரர் பாஞ்ச் என்றும் வாசிப்பதைப் போல, ஒரே சீன எழுத்தை ஜப்பானியர் ஒரு விதமாகவும் கொரியர் வேறு விதமாகவும் உச்சரிப்பார்கள். ஜப்பானியர் “கராத்தே” என்று வாசிக்கும் அந்த இரண்டு எழுத்துகளைக் கொரியர் “தாங் சூ” என்று வாசிப்பார்கள். அதோடு “வழி” என்னும் பொருளுடைய எழுத்தைச் சேர்த்தால் தாங் சூ தோ. 1936இல் நாஹா நகரில் கூடிய ஒகினாவா ஆசான்கள் சீனத்தைக் குறிக்கும் முதல் எழுத்தை நீக்கிவிட்டு, “வெறுமை” என்று பொருள்படும் எழுத்தை ஏற்றுக்கொண்டார்கள். உச்சரிப்பு மாறவில்லை, பொருள் “வெறுங்கை” என்றாயிற்று. அந்தப் புதிய எழுத்துகளைக் கொரியர் வாசித்தால் கோங் சூ தோ. ஆக 1940களிலும் 50களிலும் சியோலில் தாங் சூ தோ என்றும் கோங் சூ தோ என்றும் மாட்டியிருந்த பெயர்ப்பலகைகள் எல்லாம், எழுத்துக்கு எழுத்து, கராத்தே என்றே சொல்லிக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் 1960களில் கொரிய ஆசான்கள் தங்கள் வகுப்புகளைக் “கொரியன் கராத்தே” என்று விளம்பரம் செய்ததும் இதனால்தான். அன்று அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

பெயரைவிட அழுத்தமான சாட்சி கட்டாக்களில், அதாவது எதிரி இருப்பதாக எண்ணித் தனியே செய்யும் அசைவு வரிசைகளில், இருக்கிறது. ஒகினாவாவின் இடோசு அங்கோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஐந்து எளிய கட்டாக்களை அமைத்தார். ஒகினாவாவில் அவற்றைப் பினான் என்பார்கள், ஷோட்டோகானில் ஹெய்ஆன் என்பார்கள், தாங் சூ தோ வகுப்பில் பியோங் ஆன் என்பார்கள். மூன்றும் “அமைதி” என்று பொருள்படும் ஒரே எழுத்து இணையின் மூன்று உச்சரிப்புகள். இன்றும் மூ தொக் க்வான் வழிவந்த தாங் சூ தோ பள்ளிகளில் இந்த ஐந்தையும், பஸ்ஸாய் முதலான பெரிய கட்டாக்களையும் கற்பிக்கிறார்கள்.

நான் இதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே தரையில் தெரிந்துகொண்டேன். டேக்வாண்டோவில் சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், பண்டைக் கொரியாவின் சில்லா நாட்டுப் புத்தத் துறவி வொன்ஹ்யோவின் பெயர் தாங்கிய 28 அசைவுகளுள்ள வரிசையை மாஸ்டர் சொல்லித்தரத் தொடங்கினார். இடப்பக்கம் திரும்பிப் பின்காலில் எடை வைத்து இரு முன்கைகளையும் ஒருசேர உயர்த்தித் தடுப்பது, வலக் கையை உள்நோக்கி வெட்டுவது, இடக் கையால் குத்துவது. அதே மூன்றையும் வலப்பக்கம் திரும்பிச் செய்வது. பிறகு ஒரு காலை மடக்கி ஒற்றைக் காலில் நின்று சைடு கிக். இறங்கியதும் முன்னேறிக்கொண்டே மூன்று கத்திக்கைத் தடுப்புகள். கடைசியில் விரல் நுனிகளால் ஈட்டிபோல ஒரு குத்து. அவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கால்கள் மீதியைச் செய்து முடித்துவிட்டன, ஏனென்றால் அது ஷோட்டோகானின் ஹெய்ஆன் நிதானின் முதல் பாதி. நுணுக்கத்தில் வேறுபாடுகள் உண்டு: அங்கே முட்டியால் செய்வதை இங்கே கையை விரித்துச் செய்கிறார்கள், சைடு கிக்கின்போது கைகள் வேறு நிலையில் நிற்கின்றன. ஆனால் பத்துக்கு மேற்பட்ட அசைவுகள், திசை மாற்றங்களோடு சேர்த்து, தற்செயலாக இப்படி வரிசைகட்டி நிற்கா. நான் முந்திக்கொண்டு செய்ததைப் பார்த்த மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் நின்றுவிட்டு, “தலை மேலும் கீழும் போகவேண்டும், அதை மட்டும் மறந்துவிட்டீர்கள்” என்றார். ஷோட்டோகானில் நடக்கும்போது தலை ஒரே மட்டத்தில் நகரவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அதட்டப்பட்டவனுக்கு, ஒவ்வோர் அடியிலும் முழங்காலைத் தளர்த்தி அலைபோல எழுந்து இறங்கும் ஐ.டி.எஃப். நடை எளிதில் வரவில்லை. அந்த அலை 1980களில் சேர்க்கப்பட்டது என்பதைப் பிறகு அறிந்தேன்.

வொன்ஹ்யோ வரிசை, ஐ.டி.எஃப். பிரிவை நிறுவிய சோய் ஹாங் ஹி என்ற கொரியப் படைத்தளபதியின் பெயரால் வழங்கும் 24 வரிசைகளில் ஒன்று. அவரும் மாணவப் பருவத்தில் ஜப்பானில் கராத்தே பயின்றவர். 1954இல் அவருடைய படைவீரர்கள் அதிபர் சிங்மன் ரீயின் முன் செய்துகாட்டியபோது, நாம் தே ஹி என்ற வீரர் ஒரே குத்தில் 13 கூரை ஓடுகளை உடைத்தார் என்பதும், அதைப் பார்த்த அதிபர், தாம் சிறுவயதில் அறிந்த நாட்டு விளையாட்டை நினைத்து, “இது தெக்யோன்” என்று சொன்னார் என்பதும் டேக்வாண்டோ வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. மறு ஆண்டு, 1955 ஏப்ரலில், “தே” என்றால் காலால் அடிப்பது, “க்வொன்” என்றால் கைமுட்டி என்ற பொருளில், தெக்யோன் என்ற ஒலியை நினைவூட்டும்படி டேக்வாண்டோ என்ற பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெயரை உருவாக்கிய பெருமை யாருக்கு என்பதில் சோயின் தரப்புக்கும் சொங் தோ க்வான் தரப்புக்கும் வழக்கு இன்றும் தீரவில்லை. அதை நான் தீர்க்கப் போவதில்லை. பெயர் உடனே நிலைக்கவுமில்லை. 1961இல் பள்ளிகள் சேர்ந்து அமைத்த சங்கம் தே சூ தோ என்ற பெயரை ஏற்றது, 1965இல்தான் டேக்வாண்டோவுக்குத் திரும்பியது. அந்த 1965இல் சோய் ஆங்கிலத்தில் வெளியிட்ட பாடநூலில் அவருடைய கொரிய வரிசைகளோடு ஹெய்ஆன் உள்ளிட்ட ஜப்பானியக் கட்டாக்களும் அச்சாகியிருக்கின்றன என்பதே போதும்: கடன் மறைக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். 35 ஆண்டு அடிமைப்பட்டு, சொந்தப் பெயரையே ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ளும்படி நெருக்கப்பட்ட ஒரு மக்கள், தங்கள் தேசியக் கலை தங்களை ஆண்டவர்களிடம் கற்றது என்று சொல்லக் கூசினார்கள் என்றால் அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. புரிந்துகொள்வதால் அது வரலாறாகிவிடாது.

இனி அந்த 2000 ஆண்டு. இதற்குக் காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, இன்று சீன எல்லைக்குள் இருக்கும் கோகுர்யோ என்ற பண்டைக் கொரிய அரசின் காலக் கல்லறை ஒன்றில் இரண்டு பேர் எதிரெதிரே கைநீட்டி நிற்கும் சுவரோவியம். அது காட்டுவது அக்காலத்தில் மனிதர்கள் கைகலந்து மோதினார்கள் என்பதை மட்டுமே. அது எந்த மண்ணில்தான் இல்லை? இரண்டாவது, கொரிய மன்னர் ஜொங்ஜோ காலத்தில் 1790இல் தொகுக்கப்பட்ட முயே தோபோ தோங்ஜி என்ற போர்க்கலை நூல். அது மெய்யான, மதிப்புமிக்க ஆவணம். ஆனால் அதில் பெரும்பகுதி ஆயுதப் பயிற்சி, வெறுங்கைப் பகுதியோ மிங் காலச் சீனத் தளபதி சி ஜிகுவாங்கின் நூலைத் தழுவியது. ஹ்வாங் கீ அந்த நூலைக் கண்டெடுத்துத் தம் கலைக்குச் சூ பாக் தோ என்று பெயர் மாற்றியது 1957க்குப் பிறகு, அதாவது பள்ளி தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆன பின்பு.

மூன்றாவதான தெக்யோன் மட்டுமே நின்று பேசவேண்டியது. அது உண்மையாகவே பழைய கொரியக் கலை, 19ஆம் நூற்றாண்டில் சியோலில் ஆடப்பட்டது, உதைக்கும் கலை. அதைக் கடைசிவரை காத்துவந்த சோங் தொக் கி 1893இல் பிறந்து 1987 வரை வாழ்ந்தார். 1983இல் தென் கொரிய அரசும் 2011இல் யுனெஸ்கோவும் அதற்குப் பண்பாட்டு மரபு என்ற தகுதியை அளித்தன. ஆனால் தெக்யோனைப் பார்த்தவர்களுக்கு அது டேக்வாண்டோவின் தாய் என்று தோன்றாது. முக்கோணத்தில் கால் மாற்றி மாற்றி ஆடும் நடை, தள்ளிவிடும் உதைகள், கால் வாரல். குத்து கிடையாது, கட்டா கிடையாது, நேர்க்கோட்டில் முன்னேறும் அடி கிடையாது. எழுத்துகளை அழகாக எழுதப் பழக்கிய ஆசிரியர் சிறுவயதில் தமக்குத் தெக்யோன் கற்பித்ததாகச் சோய் சொல்லியிருக்கிறார். மற்றொரு சாட்சி இல்லாததால் பலர் ஐயுறுகிறார்கள், நானும் அவ்வாறே. என்றாலும் கால்சண்டையை மெச்சும் ஒரு ரசனை அந்த ஊர்த் தெருக்களில் ஏற்கனவே இருந்தது என்பதையும், அந்த ரசனை கராத்தேயின் கொரியப் போக்கைக் காலின் பக்கம் சாய்த்திருக்கலாம் என்பதையும் நான் மறுக்கமாட்டேன். இது ஊகம்தான்.

இப்படிப்பட்ட பழமைக் கதைகளைக் கேட்டுச் சிரிக்க நமக்கும் அவ்வளவு உரிமை இல்லை. உலகத்து முட்டிக் கலைகள் எல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மரிடமிருந்து வந்தவை என்று நம் ஊர்க் கராத்தே வகுப்புகளில் பாதியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவரை ஷாவோலின் பயிற்சியோடு இணைக்கும் சீன நூலோ அவருக்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிந்திய 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உங்கள் மைத்துனரிடம் மெதுவாகச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. ஒகினாவாவின் கலையை எடுத்து, பெயரிலிருந்த சீனத்தைத் துடைத்து, கட்டாக்களுக்கு ஜப்பானியப் பெயர் சூட்டி, ஜூடோவிலிருந்து வெள்ளை உடையையும் பட்டைத் தகுதிகளையும் வாங்கி மாட்டி, ஜப்பானிய வீர மரபு என்று நிறுத்தியது ஜப்பான்தான். ஃபுனாகோஷி முதல் கறுப்புப் பட்டைகளை வழங்கியது 1924இல். கொரியர்கள் பிறகு செய்ததும் அச்சாக இதேதான், ஆசான் காட்டிய வழியிலேயே. மேலும் அவர்கள் கற்ற ஷோட்டோகான் அப்போது உறைந்துபோன பழங்கலையும் அன்று. நீண்ட தாழ்ந்த நிலைகளும் ரவுண்ட் கிக்கும் ஃபுனாகோஷியின் மகன் கிகோவின் கையில் அந்த ஆண்டுகளில்தான் உருவாகிக்கொண்டிருந்தன என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

சரி, இன்று இரண்டும் ஒன்றா? இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். பிரித்தது தத்துவமன்று, போட்டி விதி. ஜப்பானியப் போட்டியில் முகத்துக்குக் குத்து அனுமதி, ஆனால் தொடும் இடத்தில் நிறுத்தவேண்டும். ஆகவே எட்டிப் பாய்ந்து குத்தும் பின்கைக் குத்து அங்கே அரசனாயிற்று. கொரியாவில் மார்புக் கவசம் மாட்டி முழு வலுவோடு அடிக்கவிட்டு, முகத்துக்குக் குத்தைத் தடைசெய்து, காலுக்குப் புள்ளியை அள்ளிக் கொடுத்தார்கள். அந்த விதியைக் கையில் கொடுத்துவிட்டால் இருபது ஆண்டுகளில் எந்தக் கலையும் உருமாறிவிடும். ரவுண்ட் கிக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கராத்தேயில் கற்றது, முழங்காலைப் பக்கவாட்டில் உயர்த்தி, நிற்கும் காலின் குதிகாலைத் தரையில் அழுத்தி, உதைத்த பாதத்தை உடனே மடக்கி இழுத்துப் பழைய நிலைக்குத் திரும்புவது. டேக்வாண்டோவில் முழங்கால் நேர் முன்னே எழுகிறது. எதிரிக்கு அது ஃப்ரண்ட் கிக்கா ரவுண்ட் கிக்கா என்று கடைசிவரை தெரியாது. நிற்கும் கால் பாதத்தின் முன்பகுதியில் சுழன்று குதிகால் எதிரியைப் பார்க்கும், இடுப்பு கடைசியில் திரும்பும், உடம்பு பின்சாயும், இறங்கும் கால் பின்னால் போகாமல் முன்னே விழுந்து அடுத்த உதைக்கு ஊன்றுகாலாகும். இது ஒரே உதையின் இரண்டு உச்சரிப்பு அன்று. எடையைக் கையாளும் முறையே வேறு. சுழன்று அடிக்கும் பின்னுதைகளும், தலைக்கு மேலிருந்து குதிகாலை இறக்கும் ஆக்ஸ் கிக்கும் இந்தப் போட்டிக் களம் செதுக்கியவை.

1972இல் சோய் கனடாவுக்குக் குடியேற, அதே ஆண்டு சியோலில் டேக்வாண்டோவின் தலைமையகமாகக் குக்கிவொன் திறக்கப்பட்டது, 1973இல் புதிய உலகக் கூட்டமைப்பு அமைந்தது. மற்றொரு பெரிய பிரிவான குக்கிவொன் பிரிவின் தேகுக் வரிசைகளில் இயல்பாக நடப்பது போன்ற குட்டையான, உயர்ந்த நிலை வருகிறது. ஷோட்டோகானின் நீண்ட நிலையிலிருந்து விலகவேண்டும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. டேக்வாண்டோ 1988, 1992 ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இருந்து, 2000 சிட்னியில் பதக்கப் போட்டியானது. 2012 லண்டனில் மின்னணுக் கவசம் வந்ததும், முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வாள்வீச்சுபோலத் தொட்டுத் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டம் பெருகியது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அதைக் கராத்தே என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

போக்குவரத்து ஒருவழியாக இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கராத்தேயின் மிகக் கடுமையான கிளையான க்யோகுஷினை நிறுவிய ஒயாமா மாசுதாட்சு, 1923இல் கொரியாவில் சோய் யொங் உயி என்ற பெயரில் பிறந்தவர். ஃபுனாகோஷியிடம் பயின்ற பிறகு அவருக்குக் கோஜு வகைக் கராத்தேயைக் கற்பித்த ஸோ நெய் சூவும் கொரியரே. மற்றக் கொரியக் கலைகளில் யூதோவும் கும்தோவும் ஜூடோ, கெண்டோ என்ற எழுத்துகளின் கொரிய உச்சரிப்புகள். ஹாப்கிடோவும் ஐகிடோவும் அப்படியே ஒரே எழுத்துகள், ஆனால் ஹாப்கிடோவின் வேர் கராத்தேயன்று, தாய்தோ ரியூ என்ற ஜப்பானியப் பிடிமுறைக் கலை.

உங்கள் மகள் எந்தப் பிரிவில் பயில்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. ஐ.டி.எஃப். என்றால் இரண்டு ஆண்டில் வொன்ஹ்யோவைக் கற்றிருப்பாள். மைத்துனர் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, அவர் ஷோட்டோகான்காரராக இருந்தால், இருவரையும் கூடத்தில் அருகருகே நிற்கவைத்து, அவரை ஹெய்ஆன் நிதானும் இவளை வொன்ஹ்யோவும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லுங்கள். அந்த ஈட்டிக்கைக் குத்து வரை இருவரும் ஏறக்குறைய சேர்ந்தே போவார்கள். அதன்பிறகு ஒரு தலையணையைத் தோள் உயரத்தில் நீங்கள் பிடித்துக்கொண்டு, இருவரையும் ஆளுக்கொரு ரவுண்ட் கிக் உதைக்கச் சொல்லி, நிற்கும் காலின் குதிகாலை மட்டும் கவனியுங்கள்.